காயாத கயிறு

வெள்ளம் வடிந்து, முற்றத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்து, கொடியில் போட்ட பாய்கள்கூட மொறுமொறுத்துப் போன பிறகும் அந்த நீல நைலோன் கயிறு மட்டும் காயவில்லை.

லக்சிகா அதை வேலியோரப் பூவரசங்கிளையில் போட்டிருந்தாள். காலையில் பார்த்தாள், சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்து உதறிப் போட்டாள். மத்தியானம், வெயில் முதுகைச் சுடும் நேரத்தில் மறுபடி போய்ப் பார்த்தால், அதன் நுனியிலிருந்து இறங்கிய சேற்றுத்தண்ணீர் கீழே சின்னதாகக் குழி பறித்திருந்தது. எடுத்து முகர்ந்தாள். குளத்துச் சேற்றின் மணம், அதற்குள்ளே சூடான மாட்டு மூச்சின் மணம். நைலோன் தண்ணீர் குடிக்காது என்று தெரியாதவளா அவள்?

அடுத்த நாள் கயிறு விறாந்தைத் தூணில் சுற்றியிருந்தது. மாமாதான் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தாள். நினைத்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் இருமினாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணி கேட்டால் வந்தது, சீனி போதாது என்றால் இன்னும் வந்தது.

மாமா என்றால் சரவணமுத்து, அவளுடைய புருஷன் கோகுலனின் தகப்பன். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் அந்தச் சின்ன ஊரின் கமக்காரருக்கெல்லாம் தலைவர். ஒவ்வொரு வருடமும் காலபோக நெல் விதைப்புக்கு முன்னால் கூட்டம் வைத்துச் சொல்லுவார்: விதைப்பு முடிந்தால் அறுப்பு முடியும்வரை எந்த மாடும் பட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. வயலுக்குள் கட்டாக்காலியாக இறங்கிய மாட்டைப் பிடித்து அடைத்துவிடுவார்கள். அது நியாயந்தான், எவரும் மறுத்ததில்லை.

புயல் வருகிறது என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வந்து சொன்னார்கள். மாடுகளை அவிழ்த்து விடுங்கள், எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார்கள். ஊரே மாமாவின் முகத்தைப் பார்த்தது. பயிர் ஒரு சாண் நிற்கிறது, அவிழ்த்துவிட்டால் விடிவதற்குள் தின்று முடித்துவிடும் என்றார் அவர். குளம் இதற்கு முந்தியும் நிரம்பி வான் பாய்ந்ததுதான், தண்ணீர் பட்டிக்கு ஏறியதேயில்லை என்றார். காற்றுக்கு மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடாமல் இருக்க எல்லாவற்றுக்கும் இரட்டை முடிச்சுப் போடச் சொன்னார். போட்டார்கள். மீசை வைத்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் தலையை ஆட்டிக்கொண்டு போய் முடிச்சுப் போட்டார்கள். அவர்களையும் லக்சிகா மன்னிக்கப் போவதில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. மழையின் இரைச்சலுக்குள்ளால் மாடுகள் கத்துவது கேட்டது. கோகுலனால் இருக்க முடியவில்லை. எழுந்து இடுப்பைத் தடவினான், பிறகு பையைக் கொட்டித் தேடினான்.

"லக்சி, என்ர வில்லுக்கத்தியைக் கண்டனியே?"

அவள் காணவில்லை. தகப்பனிடமும் கேட்டான். மாமா வெற்றிலையை அதக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"கத்தியோ? நான் காணேல்லை."

கையாலேயே அவிழ்ப்பேன் என்று சொல்லிவிட்டு அவன் தண்ணீருக்குள் இறங்கிப் போனான். மாடுகளின் குரல் ஒவ்வொன்றாக நின்றது. அவன் வரவில்லை.

தண்ணீர் வற்றியபோது மாடுகள் கட்டிய இடத்திலேயே ஊதிக் கிடந்தன. எல்லாம் மூக்கை மேலே தூக்கியபடி. பெக்கோ இயந்திரம் வந்து ஒரே கிடங்கு தோண்டி, கழுத்து மணிகளோடேயே தள்ளி மூடியது. கோகுலன் மட்டும் அகப்படவில்லை. பட்டியின் நடுக்கட்டையில் செவலைப் பசுவைக் கட்டிய கயிற்றைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அதன் முடிச்சுக்குள் ஒரு நகம் இறுகியிருந்தது. மனித நகம். அதை அவள் ஒருவருக்கும் காட்டவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மாமா தலைவிதி என்றார். பிறகு அழுகிப்போன பயிரைப் பற்றிச் சொல்லி அழுதார். அவள் உள்ளே சேறு வழித்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை நிலத்தில் ஓங்கி ஓங்கிப் போட்டாள், சீமெந்து பெயர்ந்தது.

கயிறு விறாந்தையிலும் நிற்கவில்லை. ஒரு நாள் அது மாமாவின் கட்டில் காலில் கிடந்தது. அவர் அவளைக் கூப்பிட்டார். குரல் பழைய குரல் இல்லை.

"உனக்கு என்னில கோவமெண்டால் வாயால சொல்லு பிள்ளை. இதைக் கொண்டுவந்து இஞ்சை வையாதை."

அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான். ஆனாலும் அவள் கயிற்றை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் பயப்படுவதைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று பொழுதுபடுகிற நேரம், கரண்ட் இன்னும் வராத வீட்டுக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டு போக, பள்ளிக்கூடத்திலிருந்து மாமா கொண்டுவந்த தலையணையை உறை கழற்றித் தோய்க்கலாம் என்று எடுத்தாள். உதறினாள். டங்கென்று ஒன்று நிலத்தில் விழுந்தது. மாட்டுக்கொம்புப் பிடி, அதில் கோகுலன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்ட முதலெழுத்து. வில்லுக்கத்தி.

அவள் அதைக் குனிந்து எடுத்தாள். கட்டிலில் இருந்த மாமா நிலத்தைப் பார்த்தார்.

"கயிறுகளை வெட்டிப்போடுவான் எண்டுதான் எடுத்து வைச்சனான். கத்தி இல்லாமலும் போவான் எண்டு ஆர் கண்டது?"

"கேட்ட நேரம் குடுத்திருக்கலாமே மாமா."

அவள் கத்தியின் அலகை விரித்தாள். அந்த நிமிடம் அதை என்ன செய்ய நினைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வெளியே மணி ஒன்று கிலுங்கியது.

மாட்டு மணி. பட்டிப் பக்கம். தவளைகள் எல்லாம் ஒரேயடியாக வாய் மூடின. சேற்று மணம் வாசலால் உள்ளே வந்தது, பிறகு மாட்டு மணம், பிறகு அந்தக் கிடங்கு மூடிய நாளின் மணம். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். இன்னொரு மணி. பிறகு காலடிகள்.

சளக். சளக்.

தண்ணீருக்குள் நடக்கிற சத்தம். முற்றத்தில் தண்ணீர் இல்லை. அவள் எட்டிப் பார்த்தாள். வெடித்த சேறுதான். ஆளில்லை. சளக். விறாந்தைக்கு வந்துவிட்டது. அவளைக் கடந்து போயிற்று. தோளில் ஈரம் உரசியது.

திரும்பினாள். கட்டில் வெறுமையாக இருந்தது. கயிறும் இல்லை. கட்டிலடியிலிருந்து பின்வாசல்வரை ஈரம் இழுபட்டிருந்தது.

"பிள்ளை."

மாமாவின் குரல். பட்டிக்குள் இருந்து.

"பிள்ளை, கத்தியைக் கொண்டு ஓடியா."

போனாள். பட்டியில் மாடு ஒன்றும் இல்லை. மாடு கட்டும் கட்டைகள் மட்டும். நடுக்கட்டையில் மாமா முழங்காலில் நின்றார். கழுத்தில் நீலக் கயிறு. சுற்றிவரக் காய்ந்த நிலம். அவரோ நாடியை மேலே தூக்கினார். இன்னும் தூக்கினார். தண்ணீர் ஏற ஏற மாடு மூக்கைத் தூக்குவதுபோல. கயிறு அதற்கு மேல் விடவில்லை. வாயிலிருந்து சேறு கொப்பளித்தது. கண்கள் அவளைத்தான் பார்த்தன.

அவருக்குப் பின்னால் ஒருவன் குனிந்திருந்தான்.

அந்த முதுகை அவளுக்குத் தெரியும். தோளில் கிழிந்த அந்தச் சேட்டை அவள்தான் தைத்தாள். முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவசரமாக. விரல் வழுக்க வழுக்க. பிறகு பல்லால். அவள் நெஞ்சு வெடித்தது. செத்தும் இந்த மனிதனையா அவிழ்க்கிறாய்?

அவன் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினான். விரல்களில் நகம் இல்லை.

"லக்சி. கத்தி."

ஓர் எட்டு வைத்தால் போதும். மாமாவின் மூக்கில் நுரை கட்டியது. தொண்டைக்குள் கலகலவென்று தண்ணீர்.

அவள் அலகை மடித்தாள். மடிக்குள் செருகினாள். முகத்தைத் திருப்பி வேலியைப் பார்த்தாள்.

"கத்தியோ? நான் காணேல்லை."

மணிகள் நின்றன. தொண்டைச் சத்தமும் நின்றது. கடைக்கண்ணில் அந்தக் கை தெரிந்தது. விரித்தபடி. மடங்காமல். இன்னும் நீட்டியபடியே.

காய்ந்த நிலத்தில் நின்றவளின் கணுக்காலில் தண்ணீர் குளிர்ந்தது. பிறகு முழங்காலில். பிறகு இடுப்பில். ஓடப் பார்த்தாள். கழுத்தில் ஈரமாக ஏதோ இறுகியது.

அவள் தன்னையறியாமல் நாடியைத் தூக்கினாள்.