நாற்பத்து மூன்றாவது புகார்

நாலாம் நம்பர் பிரஸ் மெஷினுக்கு அடியில் தொழிலாளி ஏகநாதனின் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

அசையவில்லை.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை ஷெட்டில் காலை பத்து மணிக்கே எல்லா மெஷின்களும் வாயடைத்து நின்றன.

பழுதை மறைத்து மெஷினை ஓடவிட்டதாகச் சந்தேகம். இன்ஸ்பெக்டர் துளசிங்கத்தின் கை, மெக்கானிக் ஐசக்கின் தோளில் விழுந்தது.

"பிரேக் புடிக்கலைன்னு போன வாரமே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன் சார். நாப்பத்து மூணாவது புகாரு. மெஷின நிறுத்த வேண்டியது மேனேஜரு."

அப்படியொரு புகாரே வரவில்லை என்றார் மேனேஜர் பத்ரிநாராயணன். குரலில் பிசிறில்லை.

எல்லோரும் ஷெட்டில் வேலை பார்க்கும் இளமாறனைப் பார்த்தார்கள்.

கம்பெனி இணையதளத்திலுள்ள புகார்ப் பட்டியலை எடுத்து ஒரே பக்கத்தில் காட்டும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் அவன் எழுதியது. தாம்பரம் மாலை வகுப்பில் கற்று, இரண்டு மாதம் தடுமாறி எழுதியது.

ஷெட் கம்ப்யூட்டரில் திறந்தான்.

நாற்பத்தொன்று... நாற்பத்திரண்டு... நாற்பத்து நான்கு.

என் ஸ்கிரிப்ட் ஒரு வரியை விழுங்கிவிட்டதா? அப்படியென்றால் ஐசக் அண்ணனை ஜெயிலுக்கு அனுப்புவது நானா?

வகுப்பு நோட்டை எடுத்து வரிவரியாகச் சரிபார்த்தான். ஒன்பதாம் பக்கத்தில், அவனே போட்ட சிவப்புக் கோடு.

'ஸ்கிரிப்ட் ஓடுவது பார்ப்பவரின் கம்ப்யூட்டரில். அவருக்கு அனுமதி உள்ளதை மட்டுமே கொண்டுவரும்.'

பார்ப்பவர்...

மெதுவாக நிமிர்ந்தான். மேனேஜர் ஏன் ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை?

"என் ஸ்கிரிப்ட் மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார். உங்க ரூம் கம்ப்யூட்டர்ல ஒரு தடவை பாத்துடலாமா?"

பத்ரிநாராயணன் சிரித்தார். "நோட்டீஸ் போர்டு மாதிரிதானேப்பா. எங்க நின்னு பாத்தா என்ன? தாராளமா பாரு."

அறைக்குப் போனார்கள். தன் பாஸ்வேர்டை அவரே தட்டினார். குண்டு மானிட்டரை இன்ஸ்பெக்டர் பக்கம் அவரே திருப்பினார்.

நாற்பத்தொன்று... நாற்பத்திரண்டு...

நாற்பத்து மூன்று.

'நாலாம் நம்பர் பிரஸ். பிரேக் பிடிக்கவில்லை. ஐசக்.'

மேனேஜரின் விரல்கள் மானிட்டரிலேயே ஒட்டிக்கொண்டன.

இளமாறன் விளக்கினான். அழித்தால் அழித்தவர் பெயர் பதிவாகும். அதனால் அந்த ஒரு வரியை மட்டும், எழுதிய ஐசக்குக்கும் தெரியாதபடி, தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மேனேஜர் பூட்டியிருக்கிறார். என் பக்கம் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரிதான் காட்டும் என்று நினைத்துவிட்டார்.

"ஆர்டர் முடியற வரைக்கும்... நாலே நாள்தான் சார்..." என்றார் பத்ரிநாராயணன்.

துளசிங்கத்தின் கை, ஐசக்கின் தோளிலிருந்து மேனேஜரின் தோளுக்கு இடம் மாறியது.

"வாங்க சார். எங்க லாக்கப்புல இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. யார் பாத்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும்."