ஜன்னலோரத்து டம்ளர்

"வீட்டுல மாத்திரை களவு போகுது. யார் எடுக்கிறான்னும் எனக்குத் தெரியும். நீங்க வந்து நிரூபிச்சுக் கொடுத்தா போதும்" என்றாள் மூத்த மருமகள்.

துப்பறிபவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 'அவசரம்' என்று பட்டப்பெயர் வாங்கிய அவருடைய உதவியாளர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

மாமியாருக்கு இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை. வலிக்கு அபின் வகை மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதைத் தன் கையால்தான் கொடுப்பேன், ஓரகத்தியான சின்ன மருமகள் டப்பாவைத் தொடவே கூடாது என்று மூத்தவள் கறாராகச் சொல்லியிருந்தாள். இருந்தும் டப்பா சீக்கிரம் காலியானது. போதைக்காகச் சின்னவளின் தம்பிக்குத்தான் போகிறது என்பது மூத்தவளின் கட்சி. சாயங்காலம் கணவர்மார் வந்ததும் சின்னவளை வீட்டை விட்டே அனுப்பிவிடத் தீர்மானித்திருந்தாள்.

"நேத்து வந்தவ அவ. அவ தலையைக் கோதிவிட்டா அத்தைக்கு வலியே தெரியலையாம்." சின்னவளைப் பற்றி மூத்தவள் பொருமினாள்.

மாமியாரின் அறையில் பளீரென்று வெயில். கிழவி விட்டு விட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். "நல்லாத் தூங்கறாங்க" என்றாள் மூத்தவள் பெருமையாக. கட்டிலருகே அவள் வைத்த டம்ளரில் ஆவி பறந்தது. அத்தைக்கு அவள் சுடுதண்ணீர் தவிர வேறெதுவும் தரமாட்டாள். அவசரம் ஜன்னல் திரையை விலக்கினார். பின்னால் இன்னொரு டம்ளர், பாதி குடித்த பச்சைத்தண்ணீர்.

"கைரேகை எடுக்கலாமா சார்?"

துப்பறிபவர் கிழவியின் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார். அசைவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கினார், கண்மணி கடுகளவு.

"முதல்ல ஆம்புலன்ஸ். களவை அப்புறம் பார்ப்போம்."

வண்டி வரும்வரை அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்தை முறிக்கும் ஊசி போட்டு, பிழைத்துவிடுவார் என்று சொன்ன பிறகுதான் இரண்டு மருமகள்களையும் எதிரில் உட்காரவைத்தார்.

"மாத்திரை திருட்டுப் போயிருந்தா உங்க அத்தை வலியில துடிச்சிருக்கணும். இவங்க எழுப்பினாலும் எழுந்திருக்கலை. அப்போ மாத்திரை வீட்டை விட்டே போகலைம்மா. அத்தனையும் அவங்க வயித்துக்குள்ள. நீங்க கொடுக்கிறது சுடுதண்ணி. ஒளிச்சு வெச்ச டம்ளர்ல பச்சைத்தண்ணி, அது வேற கை."

சின்னவள் உடைந்துபோனாள். "வலிக்குதுன்னு அழுதாங்க. அக்கா இன்னும் மாத்திரை கொடுக்கலைன்னு அத்தைதான் சொன்னாங்க. அதான் நான் கொடுத்தேன். கேட்டுக்கலாம்னா அக்கா என் முகத்தைப் பார்த்தே எவ்வளவோ நாளாச்சு."

"மாத்திரை மயக்கத்துல அவங்களுக்கு வாங்கிக்கிட்டது மறந்திருக்கும். அதிகமாப் போனா மூச்சு விடவே மறக்கவெச்சிடும் இந்த மருந்து" என்றார் துப்பறிபவர்.

அந்த நிலையிலும் மூத்தவளைக் குத்தியது வேறொன்று. அத்தை அழுதது தன்னிடம் இல்லை.

கிழவி கண் திறந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இனி மாத்திரை பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும், ஒரே ஆள்தான் கொடுக்கவேண்டும், வலி அடங்காவிட்டால் கூடுதலாகக் கொடுக்காமல் தன்னைக் கேட்கவேண்டும். வீட்டில் பெட்டியைப் பூட்டிய மூத்தவள் சாவியை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு சின்னவளின் கையில் திணித்தாள்.

"மாத்திரை நீயே கொடு. ஆனா தண்ணி நான்தான் கொண்டு வருவேன். சுடுதண்ணி."