சிங்காரத்தின் கடிதக்கட்டு

வெள்ளிக்கிழமை காலை கஸ்தூரியம்மாள் தன் தகரப் பெட்டியைத் திறந்தபோது கணவனின் கடிதங்களைக் காணவில்லை. அவற்றை வைத்திருந்த மஞ்சள் துணிப்பை இருந்தது. அதைச் சுற்றிய கயிறும் இருந்தது. உள்ளே, கடித அளவுக்கே மடித்த மளிகைக் கடைப் பழுப்புக் காகிதங்கள்.

பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஹேமாவதி வந்து இறங்கியபோது, சுண்ணாம்புக்குளத்தை அடுத்த அந்த மீனவக் குப்பமே வாசலில் திரண்டிருந்தது. கூட்டத்தின் நடுவே கஸ்தூரியம்மாளின் மருமகன் முரளி நின்றான். இரண்டு பேர் அவன் சட்டையைப் பிடித்திருந்தார்கள். உதட்டில் ரத்தம்.

ஹேமாவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். மழைக்கு முன் வேறொரு குப்பத்தில் இதேபோல் ஒருவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது.

"கைய எடுங்க. விசாரிக்கறது என் வேலை."

முரளியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வெளியே சத்தம் அடங்கவில்லை.

வீட்டுக்குள் நான்கு பேர். சுவரோரம் கஸ்தூரியம்மாள். அவள் மகள் செவ்வந்தி. முரளி. கஸ்தூரியம்மாளின் இறந்துபோன கணவர் சிங்காரத்தின் சித்தப்பா மகன் தேவேந்திரன். செய்தி கேட்டதும் முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

சிங்காரம் இந்திய அமைதிப் படையில் யாழ்ப்பாணம் போனவர். அங்கே நடந்த உள்நாட்டுப் போரில், எண்பத்தெட்டில் இறந்தார். உடல் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்தவை கடிதங்கள் மட்டும்தான். இன்று மாலை முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கண்காட்சிக்காகக் கடிதங்களைப் படம் எடுத்து, தமிழில் மொழிபெயர்த்து வைக்கப் போகிறார்கள் என்றாள் செவ்வந்தி.

"மொழிபெயர்க்கறதா?" என்றாள் ஹேமாவதி. "எந்த மொழியில எழுதினார்?"

"தெலுங்குல," என்றாள் செவ்வந்தி. "நைனா படிச்சது ஆந்திராவுல, தடா பக்கம். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அம்மாவுக்கு எதுவுமே படிக்கத் தெரியாது. தேவேந்திரன் சித்தப்பாதான் எங்களுக்குப் படிச்சுக் காட்டுவாரு."

"அடிக்கடியா?"

"வருசத்துக்கு ஒருக்கா. மகாளய அமாவாசைக்கு மட்டும்தான் பெட்டி தொறக்கும்."

ஹேமாவதி பெட்டியருகே குத்துக்காலிட்டாள். கீல்கள் அசையவில்லை. ஆணிகள் அசையவில்லை. பூட்டில் எண்ணெய் வழிந்திருந்தது; தொட்டதும் துரு விரலில் ஒட்டியது.

"சாவி?"

கஸ்தூரியம்மாள் கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினாள். "குளிச்சாலும் கழட்ட மாட்டேன்."

"காலையில நீங்களா தொறந்தீங்க?"

"எங்க தொறந்துது? இந்த உப்புக் காத்துல, ரெண்டு மாச மழைல இறுகிப் பூடுச்சு. தேங்கா எண்ண ஊத்தி, சுத்தியால தட்டி, பக்கத்தூட்டு ராஜாத்தி வந்து திருப்புனாதான் திரும்புச்சு."

"மருமகன் மேல ஏன் சந்தேகம்?"

"புதங்கெழம கூரை மாத்தறேன்னு இவன்தான் தனியா இருந்தான். துறைமுகத்து வேலைக்குப் போனதுலேர்ந்து இவனுக்கு நம்ம ஜனமே ஆவல. பழைய காயிதத்த வச்சிகினு அழுவறீங்கன்னு என்னியவே கேட்டவன் இவன்."

"கேட்டேன்தான் மேடம்," என்றான் முரளி. "வருசா வருசம் அழுவறாங்களேன்னு கேட்டேன். எடுக்கல."

செவ்வந்தி அவனையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள். கதவில் யாரோ ஓங்கித் தட்டினார்கள்.

"அவன வுட்ருங்க மேடம்," என்றார் தேவேந்திரன் சட்டென்று. "அவன் எடுக்கல. சத்தியமா எடுக்கல."

ஹேமாவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துரு ஒட்டிய தன் விரலைப் பார்த்தாள்.

"செவ்வந்தி, சங்கத்துலேர்ந்து ஆளுங்க வரப் போறாங்கன்னு வீட்டுல எப்ப சொன்ன?"

"மகாளய அமாவாச அன்னிக்குக் காலையில. அப்பதான் போன் வந்துச்சு."

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"நான், அம்மா, சித்தப்பா. இவரு டூட்டிக்குப் போய்ட்டாரு."

"அன்னிக்குக் கடிதத்தப் படிச்சு முடிச்சதும் யாரு கட்டி வச்சாங்க?"

செவ்வந்தி தேவேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். கஸ்தூரியம்மாள்தான் சொன்னாள்: "நாங்க படையலுக்கு எல போட்டுகினு இருந்தோம். தேவேந்திரன்தான் கட்டிக் குடுத்தான். நான் வாங்கி வச்சுப் பூட்டனேன்."

ஹேமாவதி எழுந்தாள்.

"புதன்கிழமை இந்தப் பெட்டிய யாரும் தொறக்கல. தொறந்திருந்தா, பூட்டு இன்னிக்கு இவ்வளவு மல்லுக்கட்டி இருக்காது. அமாவாசைக்கு அப்புறம் இது இன்னிக்குத்தான் தொறந்திருக்கு. நாம எல்லாரும், பூட்டின பெட்டிக்குள்ளேர்ந்து கடிதம் எப்படி வெளிய போச்சுன்னு யோசிச்சோம். அது உள்ள போகவே இல்ல. நீங்க பூட்டினது பழுப்புக் காகிதத்தம்மா." அவள் தேவேந்திரன் பக்கம் திரும்பினாள். "இத்தன வருஷமா உங்க ஒருத்தருக்குத்தான் அத படிக்கத் தெரியும். இப்ப வேற ஆள் படிக்கப் போறாங்க. முரளி எடுக்கலன்னு நீங்க அவ்வளவு உறுதியா சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். கடிதம் எங்க சார்?"

தேவேந்திரன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கொளுத்தணும்னுதான் எடுத்தேன். மனசு வரல. என் வூட்டு அரிசி டிரம்முல கீது."

"ஏன் சித்தப்பா?" என்று கத்தினாள் செவ்வந்தி.

"அண்ணன் ஒவ்வொரு கடுதாசியிலயும் எனக்குன்னு நாலு வரி எழுதுவாரும்மா. தேவா, இத அவளுக்குப் படிக்காதன்னு எழுதுவாரு. நானும் படிக்கல. வேற ஒருத்தன் படிச்சிட்டா, நான் இன்னா மூஞ்சிய வச்சிகினு அண்ணி எதுர்ல நிப்பேன்? முரளிய அடிப்பாங்கன்னு சத்தியமா நெனக்கல."

ஹேமாவதி கதவைத் திறந்தாள். முரளி எடுக்கவில்லை, கடிதங்கள் கிடைத்துவிட்டன என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தாள். அவளோடு வந்த ஏட்டு, தேவேந்திரன் வீட்டுக்குப் போய்க் கடிதக்கட்டை எடுத்து வந்தார்.

கஸ்தூரியம்மாள் அதை மடியில் வாங்கிக்கொண்டாள். தேவேந்திரனைத் திட்டவில்லை.

"நீ வுட்டுட்டுப் படிக்கறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? கண்ணு ஓடும், வாய் நிக்கும். வேற பொம்பள சமாச்சாரமோன்னு பயந்து, கேக்காமலே இருந்துட்டேன். இப்ப படி. வுட்டத மட்டும் படி." பிறகு கதவோரம் நின்ற மருமகனைப் பார்த்தாள். "மாப்ள, நான் பேசனது தப்பு. இப்டி வந்து உக்காரு. உன் மாமனார் இன்னா எழுதிகிறார்னு நீயும் கேளு."

முரளி சற்றுத் தயங்கினான். வந்து செவ்வந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தேவேந்திரன் கடைசிக் கடிதத்தை விரித்து, தெலுங்கைத் தமிழாக்கி, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"தேவா, இத அவளுக்குப் படிக்காத. நேத்து ஒரு வூட்ட சோதன போட்டோம். பதினாறு வயசுப் பையன் ஒருத்தன வண்டியில ஏத்துனாங்க. அவன் அம்மா என் கால்ல வுழுந்து தமிழ்ல கெஞ்சுச்சு. கூட இருந்தவனுங்களுக்குப் புரியல. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. புரியாத மாதிரி நின்னேன்."

செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பையன் திரும்பி வந்தானா? எழுதிகிறாரா?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

தேவேந்திரன் மறுபக்கம் திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார்.

"இல்ல அண்ணி. பையன் பேரும் ஊரும் மட்டும் எழுதிகிறாரு."

கஸ்தூரியம்மாள் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தவள் போல வெகுநேரம் பார்த்தாள்.

"சாயங்காலம் அவங்க வரட்டும்மா," என்றாள் ஹேமாவதியிடம். "இத மொதல்ல படம் புடிக்கட்டும். தமிழ்ல பெருசா எழுதி வைக்கச் சொல்லு. அந்தப் பொம்பளைக்குச் சேந்தவங்க எங்கனா இருப்பாங்க. அவங்க கண்ணுல படணும்."