முத்திரை குத்த வா!

கவச வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அசையவில்லை!

பெரிய பரிசோதகரின் கால்கள். ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையைக் கண்காணிக்க அரசாங்கம் அனுப்பிய மனிதர். எதை நீட்டினாலும் 'மாட்டேன்' என்பார். பட்டப்பெயரே 'மாட்டேன் சார்'!

இனி அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

"நின்ன வண்டி தானா உருண்டுடுச்சு மேடம். விபத்து!" என்றார் மேனேஜர். குரலில் துக்கம் மருந்துக்கும் இல்லை.

அவள் நம்பவில்லை. அவள், சின்னப் பரிசோதகர். இறந்தவருக்கு அடுத்த நாற்காலி. போலீஸ் வந்து போனதும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், இது கொலை!"

"போலீஸ் விபத்துன்னுட்டாங்களேம்மா?"

"விசாரிக்க யாரையாவது அனுப்புங்க சார்!"

"கமிட்டி போடணும். அதுக்குத் தலைவர் போடணும். அவரு லீவுல இருக்காரு... அதுவரைக்கும் வேலை நிக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. டொக்!

மறுநாள் காலை மேனேஜர் அவளைப் பெரிய ஷெட்டுக்குக் கூப்பிட்டார். நான்கு கவச வண்டிகள் வரிசையாக நின்றன. பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

"நாலும் ரெடி. குத்துங்க மேடம்!"

அவள் கழுத்துச் சங்கிலியில் ஒரு சின்ன எஃகு உளி தொங்கியது. அதன் முனையில் அவள் நம்பர். வண்டிக் கதவோரத் தகட்டில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் முத்திரை விழும். விழுந்தால் வண்டி ராணுவத்துக்குப் போகும். அழிக்க முடியாது.

"பழைய பிரேக்குக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கீங்க. மாட்டேன்!"

"அந்த வார்த்தை இந்தப் பட்டறைக்கு ராசியில்ல மேடம்..."

மேனேஜர் வாக்கி டாக்கியை உயர்த்தினார். கரகரவென்று ஒரு குரல்.

"சார், மலை உச்சிக்கு வந்துட்டேன். இறங்கட்டுமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தம்பி!

அப்பா அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த தம்பி. கையைக் காலைப் பிடித்து அவள்தான் இங்கே டிரைவர் வேலையில் சேர்த்துவிட்டாள்.

"அவன் சோதனைக்கு ஓட்டறது இதே மாதிரி அஞ்சாவது வண்டி மேடம். ஏறறப்ப பிரேக் தேவையில்ல. இறங்கறப்பதான்..."

"டேய்! இறங்காதேடா!"

"ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கறீங்க? பட்டனை அழுத்தினாதான் அவனுக்குக் கேக்கும். பட்டன் என் விரல்ல இருக்கு!"

பாய்ந்தாள். அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். எட்டவில்லை. செல்போன்? வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு விதி! அதைப் போட்டதும் அரசாங்கம்தான்.

"உளியைப் பிடுங்கி நீங்களே குத்திக்க வேண்டியதுதானே!"

"பிடுங்கினா புகார் குடுப்பீங்க. நீங்களே குத்தினா..? வாயைத் திறப்பீங்க?"

"சார்ர்... இறங்கட்டுமா?" மறுபடி அந்தக் குரல்.

அவள் சுத்தியலை எடுத்தாள்.

டங்!

இந்த வண்டியில் யார் ஏறப் போகிறார்கள்? யாரோ ஒருத்தியின் தம்பிகள்...

டங்! டங்!

நாலாவது வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணீரில் தகடே தெரியவில்லை.

"சார், ஸ்டார்ட் பண்ணிட்டேன்..."

டங்!

மேனேஜர் நிதானமாகப் பட்டனை அழுத்தினார். "இறங்காதே தம்பி. வேலை முடிஞ்சுது. வா!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற வயிறு கூட அப்படிக் குளிர்ந்திருக்காது. பிழைத்துவிட்டான்!

ஷெட்டுக்குப் பின்னாலிருந்து காலடிச் சத்தம்.

நிமிர்ந்தாள்.

தம்பி! கையில் வாக்கி டாக்கி!

"நீ... நீ மலையில இல்லையாடா?"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"மன்னிச்சிடுக்கா... நேத்து இவர் வண்டியை நகர்த்தச் சொன்னாரு. ஹாண்ட் பிரேக்கை எடுத்தேன். அடியில சார் இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா! வெளிய சொன்னா நீதான் கொலைகாரன்னாரு. மலையில இருக்கற மாதிரி பேசு, அக்கா முத்திரை குத்திட்டா உன்னை விட்டுடறேன்னாரு..."

"பிரேக்கை எடுத்தது தம்பி. முத்திரை குத்தினது அக்கா. நான் வெறும் மேனேஜர்!" அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "கமிட்டி வந்ததும் தாராளமா சொல்லுங்க மேடம்."

சீட்டியடித்துக்கொண்டே போய்விட்டார்.

ஓடிப்போய்ச் சொன்னால் தம்பி உள்ளே. சொல்லாவிட்டால் நான்கு வண்டி நிறையப் பையன்கள் மலையிறங்குவார்கள். அவள் கை ஓங்கியது. அவன் கன்னத்தைத் தொடாமலே கீழே விழுந்தது. எப்படி அடிப்பாள்?

"வாக்கா... வீட்டுக்குப் போலாம். நான் ஓட்டறேன்."

"வேண்டாம்டா. நடந்தே வரேன்," என்றாள். "ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் பிரேக் பார்த்தவ... என் வீட்டு வண்டியைப் பார்க்காம பாஸ் பண்ணிட்டேன்!"