குடும்பத்தில் யாருக்காவது?

உடம்பை ஊடுருவிப் படமெடுக்கும் மெய்நோக்கிக்குள் படுத்திருந்த அதியன் முனகினான். பதினேழு வயதுப் பையன். காய்ச்சல் இறங்கவில்லை, முழங்காலை மடக்க முடியவில்லை, இடுப்பைத் தொட்டால் அலறினான். முகம் மட்டும் உரித்த முட்டையாட்டம் வழவழவென்று இருந்தது.

ஊரில் எல்லோர் முகமும் அப்படித்தான். ஐந்து வயதானதும் கண்ணில் செம்மைவில்லை பொருத்திவிடுகிறார்கள். அது பரு, படை, தழும்பு எதையும் பார்க்கிறவர் கண்ணுக்குக் காட்டாது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டாலும் அதே கதைதான். முகத்தைக் கேலி செய்தே பள்ளிப் பிள்ளைகளைச் சாகடித்த காலத்தில், நல்ல மனதோடு கொண்டுவந்த ஏற்பாடு. பின்னாலேயே முகவுரிமைச் சட்டமும் வந்தது. ஒருவர் தானாகக் கேட்டாலொழிய அவருடைய வெறும் தோலை மருத்துவமனைக் கருவிகூடப் பார்க்கக் கூடாது. குடும்பத்தில் தோல் நோய் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

அதனால்தான் டாக்டர் நஸ்ரின் பெற்றோரை அழைத்துக் கேட்டார்.

"டெங்கு இல்ல, மூட்டுவாதமும் இல்ல. ரத்தத்துல அழற்சி மட்டும் எக்கச்சக்கமா இருக்கு, எங்கேருந்துன்னு புரியல. உங்க குடும்பத்துல யாருக்காவது தோல்ல ஏதாச்சும் இருந்துச்சா?"

"எங்க பக்கம் கிடையாது" என்றார் ஞானவேல்.

"எங்க பக்கமும் அப்படி எதுவும் கிடையாது டாக்டர்" என்றாள் மங்கையர்க்கரசி. கேட்ட வேகத்தில் வாயில் வந்துவிட்டது. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் சொல்வதற்காக அவளுடைய அம்மா உருப்போட வைத்த பதில் அது. அதையே இத்தனை வருடம் கழித்து, பக்கத்தில் கணவரை வைத்துக்கொண்டு, டாக்டரிடமும் சொன்னாள்.

அவளுக்கு இருந்தது. வில்லை வருவதற்கு முந்தைய வருடம், கன்னத்திலும் முதுகிலும் கோலிக்குண்டு அளவில் கட்டிகள் கிளம்பி, உள்ளுக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து, சீழும் ரத்தமுமாக உடைந்தன. உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயமும் இளநீரும் கொடுத்து அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். கன்னம் குழியும் மேடுமாக ஆறியது. பிறகு வில்லை வந்தது, கல்யாணமும் நடந்தது.

காய்ச்சல் வருவதற்கு முன்பே மகனின் தலையணை உறையில் அதே கறையைப் பார்த்தாள். ஒருவரிடமும் சொல்லாமல் துவைத்துப் போட்டாள். "முதுகு எரியுதும்மா" என்றவனுக்கு வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். தனக்கு அடங்கியது இவனுக்கும் அடங்கும் என்று நம்பினாள்.

டாக்டர் கேட்ட அன்று சாயங்காலம் அதியன் பிதற்றத் தொடங்கினான். ஞானவேல் காபி வாங்கப் போன நேரம் பார்த்து, அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இருந்துச்சு டாக்டர். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நஸ்ரின் உடனே விலக்கைப் பதிந்தார், தன் வில்லையைக் கழற்றினார், பையனின் சட்டையை விலக்கினார்.

"பருதாம்மா. அதுலயே ரொம்பக் கொடூரமான வகை. மொகம், நெஞ்சு, முதுகு எல்லாம் புண்ணாகிப் பக்கு கட்டியிருக்கு. தோல்ல கெளம்பின அழற்சிதான் காய்ச்சலாவும் மூட்டுவலியாவும் வந்திருக்கு. நான் படிச்சதோட சரி, கண்ணால பாத்ததில்ல." குரலில் அவமானம் தெரிந்தது. "முதல்ல ஸ்டீராய்டு குடுத்து அழற்சிய அடக்கணும். அப்புறமா வைட்டமின் ஏ வகை மாத்திரை, கம்மி அளவுல ஆரம்பிச்சு மாசக்கணக்குல குடுக்கணும்."

"தழும்பு விழுமா?"

"தழும்ப யார் பாக்கப் போறாங்க? இடுப்பெலும்ப அரிச்சிருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. பழையபடி நடப்பானான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டு, அதியன் முதல்முறையாகக் கோர்வையாகப் பேசினான். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா.

"நான் மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேம்மா. கிளாஸ்ல எல்லாருக்கும் நல்லாத்தானே இருக்கு. அதான் டாக்டர்கிட்ட வாயத் தொறக்கல."

கணவர் இருப்பதையும் மீறி மங்கையர்க்கரசிக்கு வாயில் வந்துவிட்டது. "எனக்கும் இருந்துச்சுடா. உன்ன விட மோசமா இருந்துச்சு."

ஞானவேல் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"எனக்குத் தெரியும் மங்கை. கல்யாணமான அன்னைக்கே தெரியும். கன்னத்தத் தொட்டா கைக்குத் தெரியாதா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"டாக்டர் கேட்டப்பவும் தெரிஞ்சுதான் பேசாம இருந்தீங்களா?"

"நீ இல்லைன்னுட்டே. வெளியாள் முன்னாடி உன்ன எப்படி விட்டுக்கொடுக்கிறது?"

அதியன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். இரண்டு முகங்களிலும் ஒரு சின்னப் புள்ளிகூட இல்லை.

"என்னச் செவுத்துப் பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க" என்றான். தானாகத் திரும்ப அவனால் முடியவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனைத் திருப்பிவிட்டார்கள்.