இல்லாத புள்ளிகள்

இறங்குதுறைப் படியில் அந்த அழுக்கு நேற்று இருக்கவில்லை. ஆனந்தராசா கதிரையை இழுத்துத் திரையில் மூக்கு முட்டப் பார்த்தான். அவனுடைய பெரிய கமெரா எடுத்த காட்சி அது. கட்டியிருந்த கயிற்றின் புரிகளைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். படியின் கடைக்கோடியில் மண்ணிறத்தில் நாலைந்து சதுரங்கள் ஆளுயரத்துக்கு நின்றன. போனில் எடுத்த படத்தைப் பெருப்பித்தால் வருமே, அதே சதுரங்கள்.

பின்னேரம் மூன்று மணி. திரையில் வெளிச்சம் விழாதிருக்க யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தான். கீழ்க்கடைக் கருவாட்டு மணம் படியேறி வந்தது. துறைமுகப் பக்கம் கடற்படைப் படகுகள் உறுமிக்கொண்டு போயின. நாளைக் காலை படத்தின் இறுவட்டு கொழும்புக்குப் போனால்தான் வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்குப் போய்ச் சேரும்.

வயிற்றெரிச்சல் பழையது. கலியாண வீடியோவுக்குப் போய் வந்த நேரம் போக, மூன்று வருடமாக இந்தத் துறைமுகத்தைப் படம் பிடித்தவன் அவன். பாக்கியரத்தினம் கூட வந்து லைற் பிடித்தவன், அவ்வளவுதான். போன வருடம் மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டபோது, கட்டைபறிச்சானில் சனம் ஓடுவதைப் பாக்கியரத்தினம் தன் போனில் எடுத்தான். போனுக்குள் இருந்த மெமரிச் சிப்பைத் தன் மனைவி குணேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் போனவன் திரும்பவில்லை. மாதிரித் துண்டைப் பார்த்த விழாக்காரரின் கடிதத்தில், போன் காட்சிகளே படத்தின் உயிர் என்று எழுதியிருந்தார்கள். பெரிய கமெராவைப் பற்றி மருந்துக்கும் ஒரு சொல் இல்லை. ஆள் இல்லாமல் போயும் முந்திக்கொண்டானே, பாவி!

சிப்பைத் தந்த அன்று குணேஸ்வரிக்கு அவன் விளங்கப்படுத்தினான். போன் படம் சின்னது, விழாத் திரை அகலம். பெருப்பித்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். சின்னப் படத்தில் இல்லாத புள்ளிகளைப் பக்கத்தில் உள்ளதிலிருந்து எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எதை வெட்டினாலும் பறவாயில்லை அண்ணை. கடைசியிலை அவர் தன்ரை முகத்தைக் காட்டுற துண்டை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கோ. வீடு எரிஞ்சதோடை எனக்கு வேறை படம் இல்லை.”

ஓம் என்றவன், இன்று காலை வெட்டுக் கோட்டை வேண்டுமென்றே கொஞ்சம் கீழே இறக்கினான். பாக்கியரத்தினத்தின் கழுத்துக்கு மேலே இருந்ததெல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. கேட்டால் அகலத் திரைக்கு ஏலாது என்று சொல்லலாம், அவளுக்கு என்ன தெரியும்? சிப்பில் இருந்ததையும் அழித்தான். பிறகு ‘படம்: ஆனந்தராசா’ என்று தன் பெயரை மட்டும் போட்டான். நெஞ்சு குளிர்ந்தது.

இப்போது அந்த அழுக்கைத் துணியால் துடைத்தான். போகவில்லை. படத்தை ஓடவிட்டான்.

மீன் சந்தைக் காட்சி. தூணருகே அது நின்றது. தோள் இருந்தது. எடுக்கும்போது அங்கே வெறும் நிலம்தான். இப்போது கூடை சுமந்த பெண்கள் அதை விலத்தி நடந்தார்கள்.

அடுத்தது ஐஸ் பெட்டிகள். இன்னும் கிட்ட. சதுரங்கள் சிறுத்துக்கொண்டு வந்தன. காது தெரிந்தது. மீசை தெரிந்தது.

நிறுத்தினான். நிற்கவில்லை.

கன்னம் மரத்திருந்தது. தடவிப் பார்த்தான். விரல் ஒரு மூலையில் இடறியது. கன்னத்தில் ஏது மூலை?

படியில் செருப்புச் சத்தம். குணேஸ்வரி. அனுப்புமுன் ஒருக்கால் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். இருட்டுக்குள் வந்தவள் அவனைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள்.

திரை நிறையப் பாக்கியரத்தினம். மயிர்க்கால்கூடத் தெரிந்தது. கண் இமைத்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“என்ன தெளிவு அண்ணை. போனிலை இப்பிடி இருக்கேல்லையே. இல்லாத புள்ளியெல்லாம் எங்கையிருந்து எடுத்தனீங்கள்?”

பதில் சொல்லப் பார்த்தான். வாய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

படம் முடிந்து திரை கறுத்தது. அவள் யன்னல் துணியை விலக்கிவிட்டு, நன்றி சொல்லத் திரும்பினாள். கைகள் கும்பிட்டபடியே நின்றன. பின்னுக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டினாள்.

ஆனந்தராசா கறுத்த திரையில் தன்னைப் பார்த்தான். சேட்டுத் தெரிந்தது. பொத்தான்கள் தெரிந்தன. பையில் செருகின பேனையின் மூடிகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

கழுத்துக்கு மேலே, மண்ணிறத்தில், நாலைந்து சதுரங்கள்.