கோகிலவாணிக்குப் பொருந்திய ‘ம்’

நானூற்றுக்கு மேல் ‘ம்’ கேட்டுக் காது புளித்துப்போன நேரத்தில், ஏதோ ஒரு ‘ம்’முக்குக் கோகிலவாணியின் நெஞ்சு இளகியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த நாடிவளை கவனித்துவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

“அமைஞ்சிருச்சுங்க!” என்றாள் பொருத்தகத்துப் பெண், நல்ல வரன் தகைந்துவிட்டதைப் போல. “தொண்ணூத்தாறு விழுக்காடு. இவ்வளவு பொருத்தம் இங்க யாருக்குமே வந்ததில்லீங்க.”

“பத்துப் பொருத்தமும் இருக்குதுங்களா?” என்று கேட்டார் அவள் கணவர் செந்தில்நாதன், ஒளிபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. பெண்டாட்டிக்கு மன ஆற்றுநர் பார்க்க வந்த இடத்திலும் அவருக்குக் கிண்டல் ஒரு கேடு.

முன்பெல்லாம் இதற்கு எவ்வளவு அலைச்சல்! மனசு சரியில்லை என்று ஒருவரிடம் போய், உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து கதையைச் சொல்லி, அவர் சரிப்படவில்லை என்று இன்னொருவரிடம் போய், மறுபடியும் பிறந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு பேரிடம் சொல்லி முடிப்பதற்குள் சொன்ன களைப்பே தனி நோயாகிவிடும். பிறகுதான் யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார்: ஆற்றுநரின் பட்டமோ அனுபவமோ அல்ல, அவர் உம் கொட்டுகிற விதம்தான் முதல் மருந்து. ஒரு ‘ம்’மில் அவசரம் இருக்கும், ஒன்றில் பரிதாபம் இருக்கும், ஒன்றில் ‘இதெல்லாம் ஒரு கஷ்டமா’ இருக்கும். மூளை ஏமாந்தாலும் உடம்பு ஏமாறாது. மனப்பொருத்தி என்ற இயந்திரம் பதிவுபெற்ற ஆற்றுநர் அத்தனை பேரின் ‘ம்’மையும் காதில் ஒலிக்கவிட்டு, எதற்கு நாடி இளகுகிறது என்று பார்க்கும். அவ்வளவுதான் சங்கதி.

ஆள் யார் என்று மட்டும் சொல்லாது. ஈரோட்டுப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் “நீங்க எந்த ஊருங்க?” வந்துவிடும், ஐந்தாவதில் பங்காளியா, மாமன் மச்சானா என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் எவன் மனசைத் திறப்பான்? அதனால் இருபுறமும் திரைமுகம். யாருடைய சாயலும் இல்லாத ஒரு முகத்தை ஒளியால் வரைந்து மாட்டிவிடுவார்கள். குரலையும் மாற்றிவிடுவார்கள். அந்த ‘ம்’மை மட்டும் மாற்றமாட்டார்கள், அதுதானே மருந்து.

கோகிலவாணியின் கஷ்டம் தொண்டையில் இருந்தது. மகன் நிரஞ்சன் கல்யாணத்திலிருந்து இரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வாய் சாப்பிட்டால் ஐந்தாவது வாய் நெஞ்சிலேயே நிற்கும். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஒரு குறையும் இல்லாமலே அவள் பாதியாக இளைத்துப்போனாள். இந்த ஆற்றுநரும் கைவிட்டால் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமைதோறும் போனாள். எதிரே அந்த யாருமில்லாத முகம். இவளுக்கும் அதே மாதிரி ஒன்று.

“எங்க வேணா ஆரம்பிங்க,” என்றது முகம்.

“பந்தியில இருந்தே ஆரம்பிக்கிறனுங்க,” என்றாள் கோகிலவாணி. “பொண்ணூட்டுக்காரங்க நடத்துன கல்யாணம். நான் மாப்பிள்ளைக்கு அம்மா. எம்பட சம்பந்தியம்மா வந்து ‘சாப்பிட வாங்க’ன்னு கையப் புடிச்சுக் கூப்படோணுமா, வேண்டாமா?”

எதிரில் சற்றே நீண்ட அமைதி. பிறகு வந்தது.

“ம்.”

அட, அதைக் கேட்கவேண்டும் நீங்கள்! மேலே ஏறாமல், கீழே இறங்காமல், ‘நான் இங்கேதான் இருக்கிறேன், நீ சொல்லு’ என்கிற மாதிரி ஒரு ‘ம்’. கோகிலவாணி மடை திறந்துவிட்டாள். கூப்பிடாதது, தானே போய் மூன்றாம் பந்தியில் யாரோ ஊர்க்காரர்களோடு உட்கார்ந்தது, அதைச் சம்பந்தியம்மாள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனது, போகும்போது பட்டுச் சேலைத் தலைப்பை அப்படி உதறியது. “பெரிய படிப்புப் படிச்சவங்களாமா. மனசு டாக்டராமா. பக்கத்துல நிக்கறவ மனசு தெரியல!” என்றுகூடச் சொன்னாள்.

“ம்.”

அன்றைக்கு மத்தியானம் ஐந்தாவது வாய் இறங்கியது, ஆறாவதும். நாலு மாதத்தில் கன்னம் உப்பியது. செந்தில்நாதனே ஒளிபேசியை விட்டுத் தலைநிமிர்ந்து, “என்னமோ பளபளன்னு இருக்கறே?” என்றார். சம்பந்தியம்மாளை வாரத்துக்கு ஒருமுறை ஆசைதீரத் திட்டுகிற பாக்கியம் கிடைத்தால் யாருக்குத்தான் பளபளப்பு வராது?

பேத்திக்குக் காது குத்து வந்தது. கோபியில், சம்பந்தி வீட்டில். சம்பந்தியம்மாள் சுபாஷினி வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்றாள். கோகிலவாணி “வந்தனுங்க” என்றாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சில்லை. கோகிலவாணி கூடத்து ஓரமாகப் பாயச டம்ளருடன் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு முதுகுப்புறம், சமையற்கட்டு வாசலில், சமையல்காரர் எண்ணெய் காணவில்லை, ஆள் வரவில்லை என்று சுபாஷினியிடம் அழாக்குறையாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

“ம்,” என்றாள் சுபாஷினி.

கோகிலவாணியின் நெஞ்சு இளகியது. தொண்டை திறந்தது. பாயசம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எந்நேரமும் கழற்றக்கூடாது என்று கட்டியிருந்த நாடிவளையில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்கப் பயந்து, சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நாலு மாதமாக என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சேலைத் தலைப்புவரைக்கும் வந்தது.

அடுத்த செவ்வாய் யாருமில்லாத முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“எங்க வேணா ஆரம்பிங்க.”

“காது குத்துல பாயசத்துக்கு ஏலக்காய் பத்தலைங்க, சம்பந்தியம்மா.”

 எதிரே திரைமுகம் அணைந்தது. சுபாஷினி உட்கார்ந்திருந்தாள், காதோரம் வியர்த்து.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“மொத நாளேங்க. பந்தின்னு எடுத்தீங்களே, அப்பவே.”

“அடப்பாவமே! நாலு மாசமா உங்களையே உங்ககிட்டத் திட்டியிருக்கறேன். நீங்களும் வெக்கமில்லாம உம் கொட்டிட்டு உக்காந்திருந்தீங்களா?”

“விலகிருக்கோணுமுங்க. சொந்தக்காரங்கன்னு தெரிஞ்ச நிமிஷமே நான் எந்திரிச்சிருக்கோணும், அதுதான் சட்டம். தப்புத்தான். ஆனா ரெண்டாவது வாரம் வந்து ‘ஆறு வாய் எறங்குச்சுங்க’ன்னு சொன்னீங்க. அதுக்கப்பறம் எந்திரிக்க மனசு வரல.” சுபாஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “புகார் குடுங்க. உரிமத்தைப் புடுங்கிருவாங்க. வேண்டாம்னு நான் கெஞ்சமாட்டேன்.”

கோகிலவாணிக்குப் புகாரெல்லாம் நினைப்பில் இல்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

“அன்னைக்கு ஏனுங்க என்னையக் கூப்படல?”

“மறந்துட்டேனுங்க,” என்றாள் சுபாஷினி. “பெருசா காரணம்னு ஒண்ணுமில்ல. மறந்தே போச்சு.”

இரண்டு வருஷமாகக் கோகிலவாணி எத்தனை காரணங்களைக் கற்பனை செய்து வைத்திருந்தாள்! வீடு சின்னது என்பதாலா, படிப்பு குறைவு என்பதாலா, நகை போதவில்லை என்றா? ஒன்றுமே இல்லையாம், மறந்துவிட்டாளாம். அவளுக்கு முதலில் கோபம் வந்தது, கோபம் பாதியிலேயே சிரிப்பானது, சிரிப்பில் அழுகை வந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இனி எதற்குத் திரைமுகம், நாம் சம்பந்திகளாகவே பேசிக்கொள்வோம் என்று முடிவு செய்து, நேராகக் கோபிக்கே போய்க் காப்பி குடித்தார்கள்.

இங்கேயே கதை சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் காப்பி குடித்துக்கொண்டே கோகிலவாணி, “எங்கூட்டுக்காரரு என்ற பேச்சைக் காதுலயே வாங்கறதில்லீங்க,” என்று ஆரம்பித்ததும் சுபாஷினி சொன்னாள்:

“அதுக்கு நீங்க என்ன பண்ணோணும்னா...”

சொல்லிக்கொண்டே போனாள். அப்படிச் செய்யுங்கள், இப்படிச் செய்யுங்கள், எங்கள் அத்தை இப்படித்தான் சமாளித்தார். மறுவாரம் இடுப்புவலி என்றால் எண்ணெய் சொன்னாள். அதற்கடுத்த வாரம் தூக்கமில்லை என்றால், “உங்ககிட்டயும் கொஞ்சம் தப்பு இருக்குதுங்க” என்றாள். அந்த ‘ம்’மைக் காணோம். உறவு வந்து உட்கார்ந்துகொண்டு அதைத் துரத்திவிட்டது. மாதம் முடிவதற்குள் ஐந்தாவது வாய் பழையபடி நெஞ்சில் நின்றது.

“எனக்கே தெரியுதுங்க,” என்றாள் சுபாஷினி, முகம் வாடி. “நம்ம ஆளுன்னு ஆயிட்டா நாக்கு சும்மா இருக்கமாட்டேங்குது. அந்த முகத்தை மாட்டுனாத்தான் எனக்குக் காதே தொறக்குது.”

அடுத்த செவ்வாய் கோகிலவாணி பொருத்தகத்துக்குப் போனாள். எதிரே யாருமில்லாத முகம்.

“எங்க வேணா ஆரம்பிங்க.”

“எம்பட சம்பந்தியம்மா இருக்காங்களே,” என்றாள் கோகிலவாணி, “வாயத் தொறந்தா புத்திமதிதானுங்க. காப்பி குடிக்கக்கூட விடறதில்ல.”

“ம்.”

அன்று மத்தியானம் இரண்டாம் முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டாள். வெளியே அவர்கள் பேசவேண்டியதைப் பேசிக்கொண்டார்கள், புத்திமதிகளைப் பரிமாறிக்கொண்டார்கள், அவ்வப்போது சண்டைகூடப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமையைப் பற்றி மட்டும் வாய்திறக்கவில்லை.

மனசு லேசான மனுஷிக்கு வேலை தேடி வரும் போலும். மழைக்காலத்தில் பொருத்தகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆற்றுநர்கள் போதவில்லை; குணமானவர்களின் ‘ம்’மையும் இயந்திரத்தில் சேர்த்திருக்கிறார்கள்; கோகிலவாணியின் ‘ம்’ ஒருவருக்கு மிக நன்றாகப் பொருந்தியிருக்கிறது; சிறிய பயிற்சி எடுத்துக்கொண்டு கேட்பாளராக வரமுடியுமா? கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சியில் ஒரே பாடம்தான்: குறுக்கே பேசாதே. அவள் வாழ்நாளில் படித்ததிலேயே கடினமான பாடம். சுபாஷினியைத் தவிர வேறு யாரிடமும் இந்த வேலையைப் பற்றி அவள் சொல்லவில்லை.

முதல் நாள் எதிரே வந்து உட்கார்ந்த யாருமில்லாத முகம் வெகுநேரம் தயங்கியது.

“எங்க வேணா ஆரம்பி கண்ணு,” என்றாள் கோகிலவாணி.

“எங்க மாமியாருங்க,” என்றது முகம். “தெனம் காலைல எங்க ஜன்னல்ல பறதூக்கு வந்து முட்டும். அவங்க பையனுக்குக் கொழம்பு அனுப்பறாங்களாமா. நான் ஆக்கி வெச்ச கொழம்பு அடுப்புல இருக்கும். அவரு ரெண்டையும் பாத்துட்டு, அம்மாதுலதான் கை வெப்பாரு. அந்தச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கறேனுங்க. கொழந்தை பொறந்ததுல இருந்து அழுகை அழுகையா வருது. அது வந்து முட்டுதே, என்ற தலையிலயே முட்டற மாதிரி இருக்குது.”

பறதூக்கு என்பது சோற்றுப் பாத்திரத்தைச் சுமந்து பறக்கிற சின்ன இயந்திரம். அன்று காலையிலும் கோகிலவாணி அதில் அரைத்துவிட்ட கொழம்பு ஏற்றி, மூடியில் துணி கட்டி, மகன் வீட்டு ஜன்னலுக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மிதுனா. தன் மருமகள் மிதுனா.

கோகிலவாணியின் நாக்கு நுனியில் ஆயிரம் பதில் வந்து நின்றது. அவனுக்குக் காரம் ஆகாது என்று உனக்குத் தெரியுமா? கைக்குழந்தைக்காரி அடுப்படியில் நிற்கவேண்டாமே என்றுதானே விடியற்காலை எழுந்து அரைக்கிறேன்? இதையா முட்டுகிறது என்கிறாய்? எழுந்துபோய்விடலாம், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் எதிரே அந்தப் பெண்ணின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இவள் எழுந்தால் அது வேறு எங்கே போய் அழும்? முதல் நாள் தன் எதிரே சுபாஷினி எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள் என்று அப்போதுதான் கோகிலவாணிக்கு உறைத்தது. வலித்தது, நன்றாகவே வலித்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“ம்,” என்றாள்.

எதிரே நாடிவளை பச்சையாக எரிந்தது.

பறதூக்கை உடனே நிறுத்தினால் சந்தேகம் வரும். முதலில் இறக்கையில் கோளாறு என்றாள். பிறகு உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றாள். தை மாதத்தில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் கோகிலவாணி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தது. மிதுனா முகத்தில் தெளிவு. கோகிலவாணியே பரிமாறினாள்.

“அத்தை, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன,” என்றாள் மிதுனா. “எனக்கு ஒரு கேட்பாளர் அமைஞ்சிருக்காங்க. தங்கமான பொம்பளை. ஒரு வார்த்தை குறுக்க பேசமாட்டாங்க, ஒரு புத்திமதி சொல்லமாட்டாங்க. நம்ம வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!”

சுபாஷினிக்குப் புரையேறியது. கோகிலவாணி கரண்டியுடன் அப்படியே நின்றாள். அது நான்தாண்டி கண்ணு என்று சொல்லவேண்டும் போலப் பெருமையாகவும் இருந்தது, உட்கார்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது. சொன்னால் அடுத்த வாரத்திலிருந்து மிதுனாவுக்கு ஆளில்லை. வாயை இறுக்கிக்கொண்டாள்.

அப்போது செந்தில்நாதன், எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக, சாப்பாட்டு நேரத்தில் ஒளிபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“குறுக்க பேசாத பொம்பளையா? இந்த ஊருலயா?” என்றார் மருமகளிடம், ஆசையாக. “அவங்ககிட்ட எனக்கும் ஒரு நாள் கேட்டுச் சொல்லு கண்ணு. உங்கத்தையப் பத்தி எனக்கு முப்பது வருஷக் கதை பாக்கி இருக்குது.”

கோகிலவாணி குறுக்கே பேசாமல் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.